கும்பிடு யாருக்கு? - சங்கத்தின் வாசலில் ஒரு தாசன்

தேரவாத மரபில் ஒருவர் முழுத் துறவியாகிற சடங்குக்கு உபசம்பதை என்று பெயர். அப்போது சங்கத்தார் அவரிடம் வரிசையாகச் சில கேள்விகள் கேட்பார்கள். குஷ்டம் உண்டா, காசம் உண்டா, வலிப்பு உண்டா என்று நோய்களில் ஆரம்பிக்கும். பிறகு, நீ மனிதன்தானா? ஆண்தானா? அதற்கடுத்தது: நீ அடிமையில்லாதவன்தானா? பாலியில் 'புஜிஸ்ஸ' என்று ஒரு சொல், தனக்குத்தானே எஜமானன் என்கிற அர்த்தத்தில். தொடர்ந்து: கடனில்லாதவன்தானா? அரசனின் சேவகத்தில் இல்லாதவன்தானா? அம்மா அப்பா அனுமதித்தார்களா? 20 வயசு நிறைந்ததா? இன்றைக்கும் கண்டியில், பாங்காக்கில், மாண்டலேயில் இந்தக் கேள்விகள் பாலியிலேயே கேட்கப்படுகின்றன, பாலியிலேயே பதில் சொல்லப்படுகின்றன. மனப்பாடம். யாரும் அதன் அர்த்தத்தில் நின்று யோசிக்கிற நேரமில்லை அது.

எனக்கு அங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது. 'இல்லீங்க, நான் அடிமைதான்' என்று ஒருத்தன் பதில் சொன்னால்?

இந்தக் கேள்வியை ஒரு கூட்டத்தில் பேசியபோது மூத்த தோழர் ஒருவர் வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய் நிதானமாகச் சொன்னார்: "இதெல்லாம் உள்ளுக்குள்ள பேசிக்கலாம் தோழர். பார்ப்பான் இதையே எடுத்து, ஒங்க புத்தரும் அப்படித்தானேன்னு கேப்பான். நமக்கு இருக்கிறது ஒரே ஒரு புத்தர்." அவர் கவலை புரியாமல் இல்லை. ஆனாலும் 'நமக்கு இருக்கிற புத்தர்' என்பவர் யாரால் நமக்குக் கிடைத்தார் என்கிற கேள்வியை இப்படி ஒத்திப்போட முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஒத்திப்போடப் போட, நம் கையில் மிஞ்சுவது காலண்டர் புத்தர். கண்ணை மூடிக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல், பன்னாட்டுக் கம்பெனியின் வரவேற்பறையிலும் மசாஜ் பார்லரிலும் ஒரேமாதிரி சிரிக்கிறவர்.

எனவே பிரதிக்குப் போவோம். வினயபிடகம் என்பது பிக்குகளுக்கான ஒழுங்கு விதிகளின் தொகுப்பு. நம்முடைய இலக்கியவாதிகள் தம்மபதத்தோடு நின்றுவிடுகிறார்கள், வினயத்தைத் தொடுவதில்லை. சட்டப்புத்தகத்தில் என்ன இருக்கப்போகிறது என்கிற அலட்சியம். ஆனால் அது சாதாரணச் சட்டப்புத்தகமில்லை. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு கதை வைத்திருக்கிறார்கள்: யார் என்ன செய்தார், யார் புகார் சொன்னார், அதன்பேரில் என்ன விதி வந்தது. விதி எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காத சட்டம். மனுவில் இதைப் பார்க்க முடியாது. அங்கே விதி வானத்திலிருந்து இறங்குகிறது. இங்கே யாரோ ஒருத்தரின் முணுமுணுப்பிலிருந்து வருகிறது. இந்த வித்தியாசத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சுள்ளவக்கத்தில் வருகிறது. பத்தியன், அனுருத்தன், ஆனந்தன், பகு, கிம்பிலன், தேவதத்தன் என்று சாக்கியக் குலத்து இளைஞர்கள் 6 பேர் துறவு கொள்ளக் கிளம்புகிறார்கள். கூடவே அவர்களுடைய நாவிதன் உபாலி. எல்லை தாண்டியதும் நகைகளைக் கழற்றி மேல்துணியில் மூட்டையாகக் கட்டி, 'இது உனக்கு ஆயுசுக்கும் போதும், திரும்பிப் போ' என்கிறார்கள். உபாலி கொஞ்சதூரம் போய் யோசிக்கிறான். சாக்கியர்கள் முரடர்கள். மூட்டையோடு நான் தனியாகப் போய் நின்றால், பையன்களை நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று என்னைக் கொன்றே போடுவார்கள். மூட்டையை ஒரு மரத்தில் தொங்கவிட்டு, பார்க்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடுகிறான்.

கதாகாலட்சேபக்காரர்கள் இதை வைராக்கியம் என்பார்கள். எனக்கென்னவோ இதில் தெரிவது ஒரு வேலைக்காரனின் பயம், அனுபவத்தில் ஊறிய பயம். எஜமான் கொடுத்த தங்கம் கையில் இருந்தால் அது தனக்கு ஆபத்து என்று அறிந்தவனின் அறிவு. துறவு அவனுக்கு அந்த இடத்தில் பாதுகாப்பான வழியும்கூட.

பிறகு நடப்பதுதான் அசாதாரணம். சாக்கிய இளைஞர்கள் புத்தரிடம் கேட்கிறார்கள்: நாங்கள் கர்வம் பிடித்தவர்கள். இவன் ரொம்பகாலம் எங்களுக்குச் சேவகம் செய்தவன். முதலில் இவனுக்குத் துறவு கொடுங்கள். அப்போது நாங்கள் இவனைக் கும்பிட்டு எழுந்து நிற்க வேண்டிவரும், எங்கள் சாக்கியக் கர்வம் அடங்கும். அப்படியே ஆகிறது. சங்கத்தில் பிறப்பின்படி மூப்பு கிடையாது, வயசின்படியும் கிடையாது. யார் முன்னால் சேர்ந்தாரோ அவர் மூத்தவர். ஒரு நாழிகை வித்தியாசம் போதும், சவரக்கத்தி பிடித்தவன் காலில் க்ஷத்திரியன் விழவேண்டும்.

கும்பிடு என்பது நம் சமூகத்தில் என்ன மாதிரியான குறி என்று விளக்க வேண்டியதில்லை. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கும்பிட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் நம்மில் பலர். சாதி உடம்பில் எழுதப்படுகிறது என்றால் முதுகெலும்பில்தான் முதலில் எழுதப்படுகிறது. எனவே சமத்துவத்தைப் பற்றிய ஆயிரம் உபதேசங்களைவிட, கும்பிடும் திசையை மாற்றிய இந்த ஒரு ஏற்பாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. புத்தர் ஆத்மா இல்லை என்றதைவிடவும் இது பார்ப்பனியத்துக்கு நேரான அடி.

ஆனால் இந்தக் கதையில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. உபாலியை அழைத்துவந்து முன்னால் நிறுத்தியது யார்? அவனுடைய எஜமானர்களே.

இப்போது பெயரில்லாதவர்களின் கதைகளுக்கு வருவோம். மகாவக்கத்தின் முதல் பகுதி. மகத அரசன் பிம்பிசாரனின் எல்லைப்புறத்தில் கலகம். படையை அனுப்புகிறான். சிப்பாய்களில் சிலருக்குத் தோன்றுகிறது: சண்டைக்குப் போய் நாம் பாவத்தைத்தானே சம்பாதிக்கிறோம்? போய்த் துறவியாகிவிடுகிறார்கள். தளபதிகள் கொதிக்கிறார்கள். அரசன் நீதி அதிகாரிகளைக் கேட்கிறான், அரசனின் சிப்பாய்க்குத் துறவு கொடுத்தவனுக்கு என்ன தண்டனை? உபாத்தியாயரின் தலையை வெட்ட வேண்டும், சபையில் அறிவித்தவரின் நாக்கைப் பிடுங்க வேண்டும், கூட உட்கார்ந்திருந்தவர்களின் விலா எலும்பைப் பாதி முறிக்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். பிம்பிசாரன் அதைச் செய்யவில்லை. நேராகப் புத்தரிடம் வந்து பணிவாகச் சொல்கிறான்: நம்பிக்கையில்லாத அரசர்களும் இருக்கிறார்கள், அற்பக் காரணத்துக்குக்கூட பிக்குகளைத் துன்புறுத்தக்கூடும். சிப்பாய்களுக்குத் துறவு தராமல் இருந்தால் நல்லது. அன்றைக்கே விதி வருகிறது.

இதைவிட மரியாதையான மிரட்டலை நான் எந்த இலக்கியத்திலும் படித்ததில்லை.

தொடர்ந்து வரிசையாக வருகிறார்கள். அங்குலிமாலன் சேர்ந்ததைப் பார்த்து மக்கள் பயந்ததால், பேர்போன கொள்ளைக்காரனுக்கு இடமில்லை. பிறகு சிறையை உடைத்து வந்தவன், தேடப்படுகிறவன், சாட்டையடி பட்டவன், சூடு போடப்பட்டவன். அப்புறம் கடன்காரன், அதற்கடுத்து தாசன், அதாவது அடிமை. கடனும் அடிமைத்தனமும் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை. அட்வான்ஸ் வாங்கிவிட்டுக் குடும்பத்தோடு செங்கல் சூளையில் கிடக்கிறவனிடம் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

தாசனின் கதை மிகச் சின்னது. ஓடிப்போன அடிமை ஒருவன் பிக்குகளிடம் துறவு பெறுகிறான். எஜமானர்கள் அவனைப் பார்த்துவிடுகிறார்கள். 'இவன்தான் நம்ம ஆள், வாங்க பிடிச்சுக்கிட்டுப் போவோம்.' சிலர் தடுக்கிறார்கள்: அப்படிச் சொல்லாதீர்கள், சாக்கியபுத்திரரிடம் துறவு பெற்றவர்களை யாரும் எதுவும் செய்யக்கூடாது என்று பிம்பிசார மகாராஜா ஆணையிட்டிருக்கிறார். உடனே மக்கள் முணுமுணுக்கிறார்கள், எரிச்சல்படுகிறார்கள்: இந்தச் சமணர்கள் பயமற்ற இடத்தில் இருக்கிறார்கள், இவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எப்படி ஓர் அடிமைக்குத் துறவு கொடுக்கலாம்? புகார் புத்தரிடம் போகிறது. விதி: தாசனுக்குத் துறவு தரக்கூடாது, தருகிற பிக்குவுக்கு 'துக்கட'க் குற்றம்.

'மக்கள்' என்கிறது பிரதி. எந்த மக்கள்? அடிமை வைத்திருக்கிற மக்கள், கடன் கொடுத்திருக்கிற மக்கள். பொதுமக்கள் என்ற சொல்லுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் வாசிப்பின் முதல் வேலை.

தேவ்ராஜ் சனானா 1960இல் வெளியான பண்டைய இந்திய அடிமைமுறை பற்றிய நூலிலும், உமா சக்கரவர்த்தி ஆரம்பகால பவுத்தத்தின் சமூகப் பரிமாணங்கள் பற்றி 1987இல் எழுதிய நூலிலும் இந்தப் பிரச்சினையைத் தொட்டிருக்கிறார்கள். தமிழில் இது இரண்டு விதமாக முடித்துவைக்கப்படுகிறது. பார்த்தீர்களா, சமரசவாதி, ஆளும் வர்க்கத்தோடு ஒத்துப்போனவர் என்று ஒரு தரப்பு. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிசு, அரசனைப் பகைத்துக்கொண்டால் சங்கமே இருந்திருக்காது என்று மறுதரப்பு. இரண்டு பேரும் புத்தரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஓடிவந்தவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவன் ஏன் ஓடிவந்தான்? தம்மத்தைக் கேட்டிருக்கிறான், அதைத் தனக்குரிய விதத்தில் புரிந்துகொண்டிருக்கிறான். பிறப்பால் யாரும் இழிந்தவனில்லை என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறார்கள். உள்ளே போனால் நாவிதனை க்ஷத்திரியன் கும்பிடுகிறான். அரசனே கைவைக்க முடியாத இடமாகவும் இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் வருகிற முடிவு என்ன? 'நானும் போகலாம்.' தத்துவ விசாரணை எதுவும் செய்யாமல் தம்மத்தைச் சரியாக வாசித்தவன் அவன் என்கிறேன். சரியாக வாசித்தான் என்பதற்கு என்னிடம் வேறொரு சாட்சியும் உண்டு. அது புத்தரின் வாயிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

தீகநிகாயத்தின் இரண்டாவது சூத்திரம், சாமஞ்ஞபலம். துறவின் பலன் என்று சொல்லலாம். பிம்பிசாரனைக் கொன்று பட்டத்துக்கு வந்த மகன் அஜாதசத்து ஒரு பவுர்ணமி இரவில் ஜீவகனின் மாந்தோப்புக்கு வருகிறான். 1250 பிக்குகள் இருக்கிற தோப்பில் ஒரு சின்னச் சத்தமும் இல்லை. அப்பனைக் கொன்றவன் அல்லவா, என்னை எதிரியிடம் காட்டிக்கொடுக்கப் போகிறாயா என்று ஜீவகனைக் கேட்கிறான். பிறகு புத்தரிடம் தன் சந்தேகத்தை வைக்கிறான். யானைப்பாகன், சமையல்காரன், நாவிதன், நெசவாளி, குயவன் என எல்லோருக்கும் தொழிலின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். துறவுக்குக் கண்ணுக்குத் தெரிகிற பலன் ஏதாவது உண்டா? அன்றைய பெரிய ஆசிரியர்கள் 6 பேரிடம் கேட்டும் அவனுக்குப் பதில் கிடைக்கவில்லையாம்.

புத்தர் தியானத்தைப் பற்றியோ நிர்வாணத்தைப் பற்றியோ முதலில் பேசவில்லை. பதில் கேள்வி போடுகிறார். உன்னிடம் ஓர் அடிமை இருக்கிறான். உனக்கு முன்னால் எழுந்து, உனக்குப் பின்னால் படுத்து, உன் முகக்குறிப்பைப் பார்த்தே வேலை செய்கிறவன். ஒருநாள் அவனுக்குத் தோன்றுகிறது: இந்த ராஜாவும் மனுசன், நானும் மனுசன், ஆனால் அவர் தேவனைப் போல அனுபவிக்கிறார், நான் அடிமையாக இருக்கிறேன். தலையை மழித்துக்கொண்டு துறவியாகிவிடுகிறான். உன் ஆட்கள் வந்து தகவல் சொல்கிறார்கள். அவனைத் திரும்பி வா, மறுபடி அடிமையாய் இரு என்பாயா?

மாட்டேன் என்கிறான் அரசன். நான்தான் அவனைக் கும்பிட்டு எழுந்து நிற்பேன், ஆசனம் கொடுப்பேன், சீவரமும் உணவும் மருந்தும் கொடுத்துப் பாதுகாப்பேன்.

இதுதான் துறவின் முதல் பலன் என்கிறார் புத்தர்.

மீண்டும் கும்பிடு. உபாலி கதையில் எஜமானர்களின் நல்ல மனசால் திசை மாறிய கும்பிடு, இங்கே யாருடைய அனுமதியும் இல்லாமல் மாறுகிறது. இந்த அடிமை யாரிடமும் கேட்கவில்லை. அரசனும் மனுசன் நானும் மனுசன் என்கிற ஒரு நினைப்பு போதுமானதாக இருக்கிறது. மகாவக்கத்தில் ஓடிவந்தானே பெயரில்லாதவன், அவன் இந்தச் சூத்திரத்தைத்தான் நடந்து காட்டினான். சூத்திரத்தில் வரும் அடிமை 'வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கும் உதாரணம். வினயத்தில் வருபவன் ரத்தமும் சதையுமாக வந்து நிற்கிறான். உதாரணத்தை அரசன் கும்பிடுகிறான். நிஜமாக வந்தவனுக்குக் கதவு சாத்தப்படுகிறது. இந்த இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு பவுத்த மரபு இத்தனை நூற்றாண்டு எப்படித் தூங்கியது என்று தெரியவில்லை.

இவை புத்தரே சொன்னவையா, பின்னால் வந்த சங்கத்தார் அவர் வாயில் வைத்தவையா என்று கேட்கலாம். பாலிப் பிரதிகள் எழுத்தில் வந்ததே கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில்தான் என்பது மரபு. அதனால் எதுவும் மாறப்போவதில்லை. விடுதலையைச் சொல்கிற வாயும் கதவைச் சாத்துகிற கையும் ஒரே இயக்கத்துக்குள் இருந்தன என்பதுதான் இங்கே விஷயம்.

இன்னொரு வேடிக்கை. மரபின்படி ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கீதியில் மகாகாசியபர் கேள்வி கேட்க, வினயம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்தவர் உபாலி. தாசனுக்கு இடமில்லை என்ற விதியைச் சபையில் சொன்னது நாவிதனாயிருந்த உபாலியின் குரல். அவர் என்ன நினைத்திருப்பார் என்று கற்பனை செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. நம் இயக்கங்களில், கீழேயிருந்து வந்து பொறுப்புக்குப் போனவர்கள் அமைப்பு விதிகளை எவ்வளவு கறாராக ஒப்பிப்பார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடிமைகளில் யாருமே உள்ளே வரவில்லையா? வந்தார்கள். தேரிகாதையில் ஒரு புண்ணை இருக்கிறாள். தண்ணீர் சுமக்கிறவள். குளிரில் நடுங்கிக்கொண்டு ஆற்றில் முங்கும் பார்ப்பனனைப் பார்த்து, தண்ணீரில் முங்கினால் பாவம் போகுமென்றால் மீனும் ஆமையும் தவளையும்தானே முதலில் சொர்க்கம் போகும் என்று கேட்டவள். அடிக்குப் பயந்து தண்ணீரில் இறங்குகிறவள் நான், நீ எதற்குப் பயந்து இறங்குகிறாய் என்பது அவள் கேள்வியின் தொடக்கம். எனக்குப் பாலி இலக்கியத்திலேயே மிகப் பிடித்த இடம் இது. ஆனால் உரைகாரர் சொல்வதைப் பார்த்தால் அவளும் அனாதபிண்டிகனின் வீட்டு அடிமை, அவன் விடுவித்த பிறகே துறவியானவள். உபாலிக்கு எஜமானர்கள் வழிவிட்டார்கள், புண்ணைக்கும் எஜமானன் வழிவிட்டான். ஆக, சங்கத்தின் கதவுக்குச் சாவி வெளியே இருந்திருக்கிறது, எஜமானன் இடுப்பில்.

பக்கவாட்டில் இன்னொரு கதவும் இருந்தது. பிலிந்தவச்சர் என்ற பிக்கு குகையைச் சுத்தம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்து பிம்பிசாரன் அவருக்கு ஆராமிகர்களை, அதாவது விகாரைப் பணியாட்களைத் தருகிறான். தருவதாகச் சொன்னதை மறந்துபோய், அப்புறம் நாள்கணக்குப் பார்த்து நாளுக்கு ஒருவராக 500 பேர். அவர்களுக்கென்று ஒரு கிராமமே உருவாகிறது. ஆராமிகர் அடிமைகள்தானா என்று ஆய்வாளர்கள் வாதிடட்டும். அவர்களைக் கேட்டுத் தரவில்லை என்பது நிச்சயம். தாசன் சீவரம் உடுத்தி வரக்கூடாது, விளக்குமாறு ஏந்தி வரலாம்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கும்பிடுவின் கதை அங்கேதான் அம்பலமாகிறது. சங்கத்தில் யார் மூத்தவர் என்கிற விதிக்குச் சொல்லப்படும் கதை சுள்ளவக்கத்தில் இருக்கிறது. நல்ல இருக்கை, நல்ல சோறு யாருக்கு என்று புத்தர் கேட்கிறார். க்ஷத்திரியக் குலத்திலிருந்து வந்தவருக்கு என்கிறார்கள் சில பிக்குகள். பார்ப்பனக் குலத்திலிருந்து வந்தவருக்கு என்கிறார்கள் சிலர். (புரட்சிகர இயக்கத்தின் உறுப்பினர்கள்தான்.) அப்போது அவர் ஒரு காடை, ஒரு குரங்கு, ஒரு யானை கதையைச் சொல்கிறார். மூன்றும் ஓர் ஆலமரத்தடியில் வாழ்கின்றன. யார் மூத்தவர்? யானை சொல்கிறது: நான் குட்டியாக இருந்தபோது இந்த மரத்தின் உச்சி என் வயிற்றைத் தொடும். குரங்கு சொல்கிறது: நான் குட்டியாகத் தரையில் உட்கார்ந்தே இதன் கொழுந்தைக் கடித்திருக்கிறேன். காடை சொல்கிறது: வேறோர் ஆலமரத்தின் பழத்தைத் தின்று நான் இங்கே எச்சமிட்டேன், அதிலிருந்து முளைத்ததுதான் இது. யானை அன்றுமுதல் காடைக்கு மரியாதை செய்தது.

யானை காடையைக் கும்பிடுகிற கதை. அற்புதம். ஆனால் அதே இடத்தில், சில வரிகள் தள்ளி, பிக்கு கும்பிடக்கூடாத 10 பேரின் பட்டியல் வருகிறது. அதில் பெண் உண்டு. ஆணுமில்லாத பெண்ணுமில்லாதவர் என்று அவர்கள் வகைப்படுத்தியவரும் உண்டு. யானைக்குக் காடையிடம் இல்லாத கூச்சம் பிக்குவுக்குப் பெண்ணிடம் இருக்கிறது.

மகாபிரஜாபதி கோதமி யார்? புத்தரைப் பாலூட்டி வளர்த்த சின்னம்மா. கபிலவஸ்துவில் கேட்டு மறுக்கப்பட்டு, தலையை மழித்துக்கொண்டு வைசாலிவரை நடந்து, கால் வீங்கி, புழுதி அப்பி, வாசலில் அழுதுகொண்டு நிற்கிறார். அவரும் அழைக்கப்படாமல் வந்தவர்தான். ஆனந்தர் வாதாடியபின் 8 கடும் நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கிறது. முதல் நிபந்தனையே கும்பிடு: 100 வருஷம் துறவியாக இருந்த பிக்குணியும் அன்றைக்குச் சேர்ந்த பிக்குவைக் கும்பிட வேண்டும். கோதமி ஏற்றுக்கொள்கிறார். ஆனால் பிறகு ஆனந்தர் மூலம் ஒரே ஒரு வரம் கேட்கிறார். ஆண் பெண் பார்க்காமல் மூப்புப்படி கும்பிட அனுமதியுங்கள். மறுக்கப்படுகிறது. மற்ற மதத்துக்காரர்களே பெண்ணை எழுந்து கும்பிடுவதில்லை, நாம் எப்படி என்பது சொல்லப்படும் காரணம். சாக்கியக் கர்வத்தை உடைக்கத் தெரிந்த சங்கம், ஊர் வழக்கத்தைக் காரணம் காட்டுகிறது! கோதமியின் கோரிக்கையைத் தொகுத்தவர்கள் நீக்காமல் வைத்தார்களே, அதற்கு நன்றி சொல்லலாம்.

நம் மணிமேகலையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எம்.ஏ. வகுப்பில் அதைச் சமயக் காப்பியம் என்று சொல்லிக்கொடுத்து, தருக்கப் பகுதியைத் தேர்வுக்கு விட்டுவிடச் சொன்னார்கள். அதில் சித்திராபதி அரசமாதேவியின் காலில் விழுந்து, பேத்தியைத் தன் வீட்டுக்கே அனுப்பிவைக்கும்படி கேட்கிறாள். 'எங்கள் ஆள், பிடித்துப்போக வந்திருக்கிறோம்' என்பதன் தமிழ் வடிவம். கணிகையர் குலத்தில் பிறந்தவள் குலத்தொழிலுக்கு உரியவள் என்கிற உரிமை கோரல். அரசி தர மறுக்கிறாள். சிறையை உடைத்து வந்தவனுக்கு வினயத்தில் இடமில்லை. இங்கேயோ மணிமேகலை கேட்க, சோழன் சிறையையே அறக்கோட்டமாக்கிவிடுகிறான். சாத்தனார் வினயத்துக்குப் பதில் எழுதினார் என்று நிறுவ நான் வரவில்லை. அந்தக் கேள்விகள் இங்கே உயிரோடு இருந்தன என்று மட்டும் சொல்லலாம்.

இனி இரண்டாவது உபாலியின் கதை. இலங்கையில் 18ஆம் நூற்றாண்டில் உபசம்பதை பெற்ற பிக்குகளே இல்லாமல் போனார்கள். கண்டி அரசன் கீர்த்திஸ்ரீ ராஜசிங்கன், மதுரையோடு உறவுகொண்ட நாயக்கர் வம்சத்தவன், சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். 1753இல் உபசம்பதை மீண்டும் தொடங்கியது. வந்த குழுவின் தலைவர் பெயர் உபாலி. இப்படி உருவானதுதான் சியம் நிகாயம். அவர் பெயரையும் சேர்த்து சியாமோபாலி நிகாயம் என்றே அழைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள் அது கொவிகம சாதிக்கு, அதாவது நிலவுடைமை வேளாளர்களுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது. உபாலி என்ற பெயரைச் சுமக்கிற சங்கத்தில் நாவிதன் உபசம்பதை பெற முடியாது.

கறுவாப் பட்டை உரிக்கிற சலாகம சாதியிலிருந்து வந்த ஞானவிமல தேரர் கடல் கடந்து பர்மாவின் அமரபுரத்துக்குப் போய் உபசம்பதை பெற்று, 1803இல் திரும்பி வந்து அமரபுர நிகாயத்தைத் தொடங்கினார். கதவு சாத்தினால் கடல் தாண்டுவது என்கிற முறை. கித்சிறி மலல்கொட 1976இல் வெளியான நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த அமரபுரமும் அப்புறம் சலாகம, கராவ, துராவ என்று சாதிக்கொன்றாகப் பிரிந்தது கெடக்கட்டும்.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு கொழும்பு போய் சுமங்கல நாயக்கரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கத்தை நிறுவினார். 'பறையர்கள் ஆதிபவுத்தர்கள்' என்ற அவருடைய எதிர்-வரலாறு அங்கேயிருந்துதான் வேகம் பிடிக்கிறது. சுமங்கலர் பெரிய அறிஞர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சியம் நிகாயத்தைச் சேர்ந்தவர். பஞ்சசீலம் கொடுத்தாயிற்று, சரி. பண்டிதரோடு போன யாராவது அதே நிகாயத்தில் உபசம்பதை கேட்டிருந்தால்? ஆதிபவுத்தனே வாசலில் நின்றிருப்பான்.

அம்பேத்கரிடம் வந்தால் கதை வேறு தினுசாகிறது. அவர் மறைந்தபின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், சங்கத்தில் சாதித் தடை இல்லை, ஆண் பெண் தடை இல்லை, அந்தஸ்துத் தடையும் இல்லை என்ற பொருளில் எழுதுகிறார். வினயம் அவருக்குத் தெரியாததில்லை. பிழை என்று பேராசிரியர்கள் அடிக்கோடிடலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அம்பேத்கர் இங்கே ஓடிவந்த தாசனின் வாசிப்பைச் செய்கிறார். வினயத்தைச் சாமஞ்ஞபலத்தால் திருத்துகிறார். ஆனால் இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அடித்துத் திருத்தியதன் தடத்தை அவர் வைத்திருக்கலாம். தடத்தை அழித்ததில் அந்தத் தாசனும் சேர்ந்து அழிந்துபோனான். நம் தோழர் டீக்கடையில் சொன்ன 'உள்ளுக்குள்ள பேசிக்கலாம்' என்பதன் சாயல் இதிலும் படிந்திருக்கிறதோ என்று தோன்றுகிறது.

அதே நூலில் அவர் வேறொன்றும் சொல்கிறார். சங்கத்தில் சேர தீட்சை இருந்தது, சாதாரண மக்கள் தம்மத்தில் சேர தனித் தீட்சை இல்லை, அது பெரிய குறை, இந்தியாவில் பவுத்தம் வீழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த இடத்தில்தான் அவர் வாசலையே இடம் மாற்றுகிறார். 1956 அக்டோபர் 14, நாகபுரி. பர்மிய பிக்கு சந்திரமணியிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் பெற்றுக்கொள்கிறார். அதோடு முடியவில்லை. திரும்பி நின்று, லட்சக்கணக்கில் திரண்டிருந்த மக்களுக்குத் தானே தீட்சை கொடுக்கிறார், 22 உறுதிமொழிகளோடு. சீவரம் இல்லாத, குடும்பஸ்தரான ஒருவர். எந்த வினயத்தில் இதற்கு இடம் உண்டு என்று கேட்கலாம், கேட்டார்கள். அந்த மைதானத்தில் நின்றவர்களில் எத்தனை பேர் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்கள், எத்தனை பேர் பண்ணையிடம் சொல்லாமல் ரயிலேறி வந்தவர்கள்? உபசம்பதைக் கேள்விகளைக் கேட்டிருந்தால் பாதிப்பேர் வெளியே நின்றிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் அதே வரிகளை அதே நேரத்தில் சொன்னார்கள், யார் மூப்பு என்ற கணக்குக்கே இடமில்லாமல்.

மறுபடி மகாவக்கத்துக்கு. அந்த விதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தாய் தகப்பனைக் கொன்றவன், கள்ளத்தனமாகச் சீவரம் உடுத்தியவன் முதலானவர்களைப் பற்றிய விதிகளில், தெரியாமல் உபசம்பதை கொடுத்திருந்தாலும் வெளியேற்ற வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. தாசன் விஷயத்தில் அந்தச் சொல் இல்லை. கொடுத்த பிக்குவுக்குக் குற்றம், அதுவும் மிகச் சாதாரணக் குற்றம். ஏற்கனவே வந்துவிட்டவனைத் திருப்பிக் கொடு என்று பிரதி சொல்லவில்லை. வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. எஜமானர்கள் பார்த்தார்கள், சிலர் தடுத்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள், விதி வந்தது. அவன் என்ன ஆனான்? அடுத்த வரியில் வேறு கதை ஆரம்பித்துவிடுகிறது, அம்மா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு விகாரைக்கு வந்த ஒரு மொட்டைத்தலைக் கொல்லனின் கதை.